முப்பத்தாறு டிகிரி

இதற்கு முன் பூமியில் நடந்தவை எல்லாம் முன்னுரை என்று கொள்க. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 27, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், டிக்கெட் கவுண்டரோ நாற்காலி லிஃப்டோ காவலரோ இல்லாத ஒரு கன்னிச் சரிவில் தமிழினம் முதன்முறையாகப் பனிச்சறுக்கி இறங்கவிருக்கிறது. தலைமை: திரு. சேனாபதி, பி.இ., எம்.எஸ்., டைரக்டர், இரண்டாயிரமாம் ஆண்டுக் கணினிப் பிரச்சினைத் தீர்வுப் பிரிவு.

இந்த அறிவிப்பு லிவர்மோர் வட்டாரத்தின் நூற்றுப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு ஈமெயிலில் போனது. தமிழினத்தின் சார்பில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

மறுத்தவர் சேனாபதியின் மனைவி வசந்தாமணி. கார்சன் கணவாயின் பார்க்கிங்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மடியில் பத்திரிகையும் காலடியில் இரண்டு ஃப்ளாஸ்க்குமாக உட்கார்ந்துவிட்டார்.

"வழுக்கி விழறதுக்கு மூணு மணி நேரம் டிரைவ் பண்ணி வரோணுமாங்க? நம்மூட்டு பாத்ரூமே போதுமே."

"இது விழறது இல்ல வசந்தா. இது எக்ஸ்பெடிஷன்."

"சரிங்க. ரெண்டு மணிக்குள்ள எக்ஸ்பெடிஷன முடிச்சுட்டு வாங்க. புளிசாதம் ஆறிப் போயிரும்."

சேனாபதிக்கு ஐம்பத்தொரு வயது. கோபிசெட்டிபாளையத்துக்காரர். பனிச்சறுக்கு பத்து வருடமாகப் பழக்கம். போன மாதம், பனிப்பாளம் எப்போது இடிந்து மலையிலிருந்து இறங்கும் என்று கண்டுபிடிக்கும் கலையை இரண்டு நாள் வகுப்பில் முழுமையாகக் கற்று முடித்திருந்தார். சான்றிதழை லேமினேட் செய்து அலுவலகச் சுவரில் மாட்டினார். அதற்குப் பிறகு எந்த மீட்டிங்கிலும் பனி பெய்யாமல் இருந்ததில்லை. சர்வர் படுத்தால் "அடியில ஒரு வீக் லேயர் இருக்குது" என்பார். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள்.

அப்படிக் குறித்துக்கொள்பவர்களில் ஒருவன் செழியன். கரூர், முப்பத்திரண்டு வயது. சேனாபதியோடு போய்ப் போய்ப் பனிச்சறுக்கு பழகியவன். செப்டம்பரில் அவன் விசாவுக்கு ஆறு வருடம் முடிகிறது; ஏழாவது வருடம் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. அதற்குள் கிரீன் கார்டு விண்ணப்பம் போயாக வேண்டும். விண்ணப்பத்தோடு மேலாளர் ஒரு கடிதம் தர வேண்டும். இந்த மனிதன் இல்லையென்றால் கம்பெனி அப்படியே நின்றுவிடும் என்கிற தோரணையில் வக்கீல் எழுதிக் கொடுத்த கடிதம். அது மூன்று வாரமாக சேனாபதியின் மேசைமேல் கையெழுத்துக்குக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை செழியன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தபோது, "ட்ரிப் முடியட்டும்ப்பா, வந்து உக்காந்து பாத்துக்கலாம்" என்றார்.

"அவரு என்ன சொன்னாலும் சரி சார்னு சொல்லிட்டு வாங்க" என்று அவன் மனைவி சண்முகப்ரியா விடியற்காலையில் மங்கி கேப்பை அவன் தலையில் இழுத்துவிட்டாள். "ஒரு நாள் கூத்துதானே."

நாலாவது ஆள் தவமலர். நாற்பது வயது. பருத்தித்துறையில் பிறந்து, நாடு விட்டு ஓடி, நார்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் மீன் வெட்டியவர். அந்த ஊரில் குளிர்காலத்தில் வேலைக்குப் போவதே ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையில்தான். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஃப்ரீமாண்டில் பல் செட் செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கோயில் பார்க்கிங்கில் சேனாபதி அவரைப் பிடித்து, "லேடீஸ் சைடுல ஒரு ரெப்ரசென்டேஷன் வேணுமுங்க" என்று கூப்பிட்டிருந்தார். அவருக்கு ஸ்கீ தெரியுமா என்று கேட்கவில்லை. தெரியும் என்று பிறகு தெரியவந்தபோது அதை ஒரு குறையாகவும் சொல்லவில்லை.

மூவரும் ஏறத் தொடங்கினார்கள். ஸ்கீயின் அடிப்பக்கம் ஒரு நீளத் துணியை ஒட்டிக்கொண்டால் அது மேலே மட்டும் போகும், கீழே வழுக்காது. நடக்கிற மாதிரியும் இல்லை, மிதக்கிற மாதிரியும் இல்லை. சர்ர், சர்ர் என்று துணி பனியில் உராய்கிற சத்தம். நாலு நாளைக்கு முன் அடித்த புயல் இரண்டரை அடி புதுப்பனியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஊசியிலை மரங்கள் தோள் தெரியாமல் போர்த்திக்கொண்டு நின்றன. மூடுபனி இறங்கி வந்து ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒரு மரத்தைக் கொண்டுவந்து வைக்கும். செழியனுக்குத் தான் ஏறுகிறோமா, மலைதான் மெதுவாகத் தனக்கடியில் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. இதமான சந்தேகம். ஆறு வருடத்தில் அவனுக்கு வந்த சந்தேகங்களில் வக்கீல் சம்பந்தப்படாதது இது ஒன்றுதான்.

பாதி ஏற்றத்தில், வெயில் விழுந்துகொண்டிருந்த ஒரு சம இடத்தில் சேனாபதி கையை உயர்த்தினார். "இங்க நம்ம சயின்டிஃபிக் ஆய்வு."

ஆய்வு என்றால் குழி. மடக்கு மண்வெட்டியால் இடுப்பளவு தோண்டி, பக்கச் சுவரில் ஒரு பனித்தூணை ரொட்டித் துண்டுபோல் தனியாக அறுத்து நிறுத்த வேண்டும். அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டு அசைவில் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைந்து வழுக்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைய ஆயுள். தோண்டியது செழியன். தட்டியது சேனாபதி. முப்பது தட்டும் முடிந்தது. தூண் அசையவில்லை.

"பாறைங்க, பாறை!" என்றார் சேனாபதி. "எழுதிக்கப்பா. பச்சை."

செழியன் கையில் ஒரு தாள் இருந்தது. ஆபீஸ் ப்ராஜெக்ட்டுகளின் நிலவரம் எழுதும் அதே தாள். மேலே தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார் சேனாபதி. பதினோரு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. அந்த ஆபீஸில் ஐந்து வருடமாக யாரும் சிவப்பு போட்டதில்லை. சிவப்பு போட்டால் ஒரு மீட்டிங் வைக்க வேண்டும். மீட்டிங் வைத்தால் ஏன் போன வாரமே சிவப்பு போடவில்லை என்று கேட்பார்கள். அதனால் எரிந்துகொண்டிருக்கிற ப்ராஜெக்ட்டும் சாம்பலாகும்வரை பச்சையாகத்தான் இருக்கும். செழியன் பழக்க தோஷத்தில், கேள்வியைப் படிக்கும் முன்பே, பதினொன்றுக்கும் பச்சை போட்டு முடித்திருந்தான்.

தவமலர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேலே மேட்டு விளிம்பைப் பார்த்தார்.

"அண்ணை, நாங்கள் சறுக்கப் போறது அந்தப் பக்கமெல்லே? குழியை இங்க வெட்டினா என்னெண்டு தெரியும்?"

"மலை ஒண்ணுதானுங்களே."

"மலை ஒண்டுதான். காத்து இந்தப் பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் கொட்டியிருக்கு. இங்க வெயிலும் படுது. அங்க வெயிலே இல்லை. நோர்வேயில நாங்கள்..."

"நார்வே பனி வேறங்க" என்றார் சேனாபதி, பெருந்தன்மையாக. "அது குளிர் நாட்டுப் பனி. கலிஃபோர்னியாவுல பனியும் கொஞ்சம் ரிலாக்ஸா இருக்கும். இதுக்குன்னு தனியா சர்டிஃபிகேட் வச்சிருக்கேனுங்க."

"ஓம்" என்றார் தவமலர். அவருடைய 'ஓம்' சம்மதமா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நிழலான ஒரு திட்டைக் கடந்தபோது அது நடந்தது. காலடியில் ஒரு சத்தம். வெடிச் சத்தம் இல்லை. மிகப் பெரிய மெத்தையில் மிகக் கனமான யாரோ அலுப்போடு உட்கார்ந்த மாதிரி: வ்வும். மூன்று பேரும் ஒரு விரற்கடை இறங்கினார்கள். செழியனின் ஸ்கீ நுனியிலிருந்து முடிக்கோடாக ஒரு விரிசல் கிளம்பி, பனியில் நெளிந்து, பத்தடி தூரம் ஓடி நின்றது.

பிறகு நிசப்தம். இவ்வளவு நிசப்தத்தை செழியன் கேட்டதே இல்லை.

"செட்டில் ஆயிருச்சு" என்றார் சேனாபதி. "நல்ல சகுனம். இனி அசையாது."

"அண்ணை, அது கீழ இடிஞ்ச சத்தம்" என்றார் தவமலர்.

"இடிஞ்சு முடிஞ்சுதுன்னா அப்புறம் இடியறதுக்கு என்னங்க இருக்குது?"

சொல்லிவிட்டு அவர் மேலே ஏறத் தொடங்கினார்.

உச்சியில் மூடுபனி விலகியது. மறுபக்கச் சரிவு அவர்கள் முன்னால் விரிந்தது. யாரும் தொடாதது. மேலே காற்று செதுக்கிய பனி உதடு ஒன்று. அதற்குக் கீழே வழவழவென்று நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு பெரிய மௌனம், ஒரு சுருக்கமில்லாமல், தூரத்தில் உறைந்து கிடந்த ஏரிவரை. செழியன் மூச்சு விடுவதை மறந்தான். நிலம் இப்படித் தூங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன்மேல் கால் வைப்பது, தூங்குகிறவர் நெற்றியில் கால் வைக்கிற மாதிரி இருந்தது.

சேனாபதி கோணமானியை ஸ்கீ கம்பின் மேல் வைத்துப் பார்த்தார். "முப்பத்தாறு டிகிரி. பர்ஃபெக்ட்." முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் பனிப்பாளம் அதிகம் இடியும் என்று வகுப்பில் சொன்னதும், முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் சறுக்குவது அதிக சுகம் என்று சொன்னதும் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டிருந்தன. இரண்டாவதுதான் மேலே மிதந்தது.

அவர் வீடியோ கேமராவை வெளியே எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தவமலர் விளிம்போரமாக, சரிவு இன்னும் சரிவாகாத இடத்தில், முழங்காலிட்டுக் கம்பைத் தலைகீழாகப் பனியில் செருகினார். கொஞ்ச தூரம் இறுக்கமாகப் போனது. பிறகு பொசுக்கென்று, ஒன்றுமே இல்லாததுபோல் உள்ளே விழுந்தது. அவர் கையுறையாலேயே தோண்டினார்.

"இஞ்ச வாரும் தம்பி. இதைப் பாரும்."

செழியன் குனிந்தான். பனிச்சுவரில் மேலே இரண்டரை அடிக்கு வெள்ளையாக, கெட்டியாக ஓர் அடுக்கு. அதற்குக் கீழே நாலு விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறத்தில், பொலபொலவென்று, மணிமணியாக வேறொன்று. தவமலர் அதைச் சுரண்டி அவன் உள்ளங்கையில் போட்டார். சர்க்கரை மாதிரி உருண்டு ஓடியது. பிடித்து அழுத்தினால் உருண்டை பிடிக்கவில்லை.

"குழல்புட்டு திண்டிருக்கிறீரோ?"

"தின்னுருக்கேன்க்கா."

"மேல மா. நடுவில தேங்காய்ப்பூ. கீழ பழைய மா. குழலுக்கால தள்ளேக்க எதில முறியும்?"

"தேங்காய்ல."

"அவ்வளவுதான் விசயம்."

அவர் ஒரு துண்டை மூன்று பக்கமும் அறுத்து, தலையில் உள்ளங்கையால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது தட்டில் மேல் அடுக்கு முழுதாக, விளிம்பு உடையாமல், இலையில் விழுகிற புட்டுபோலவே அவர் மடிமேல் வழுக்கி விழுந்தது. அவர் அதை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான் இந்தப் பக்கத்தால இறங்கேல்லை" என்றார், சேனாபதிக்கும் கேட்கும்படியாக. "வந்த வழியால போறன்."

"உங்க இஷ்டமுங்க. லேடீஸ கம்பெல் பண்ண மாட்டோம்." சேனாபதி கேமராவின் கண்ணாடியை ஊதினார். "செழியன், நீதான் ஃபர்ஸ்ட். ஒரு நேரத்துல ஒரு ஆள். அதான் ப்ரோட்டோகால். நான் இங்க இருந்து கவர் பண்றேன்."

"சார், அக்கா ஏதோ லேயர்னு..."

"பாத்தேன்ப்பா. லேயர் இல்லாத பனி எங்க இருக்குது? முப்பது தட்டு தட்டியாச்சு. பதினொண்ணும் பச்சை. யாரு போட்டது? நீதானே?"

அவன்தான்.

"சரி சார்" என்று செழியன் வாய் தானாகச் சொன்னது. விளிம்புக்குப் போனான். ஸ்கீயின் முன் பாதி காற்றில் நின்றது.

அப்போது காலம் மெதுவாகத் தேனாகியது. கீழே வெள்ளை அவனைப் பார்த்து லேசாக மூச்சு விடுவதாகப் பட்டது. மார்பில் கட்டியிருந்த பீக்கன், புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டி, நொடிக்கு ஒரு தரம் துடித்தது. அவன் ஏற்கெனவே பனிக்குள் இருந்தான். உள்ளே கதகதப்பாக, வெளிர் நீலமாக இருந்தது. எங்கோ மேலே சேனாபதி பீக்கனின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நீலத்துக்குள் ஒரு நீண்ட வரிசை நின்றது. கரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சான் ஹோசே குடியேற்ற அலுவலகம் வரைக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவனே. ஒவ்வொருவனும் முன்னால் இருந்தவன் தோளைத் தட்டி, 'சரி சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். வரிசையின் முடிவில் ஒரு ஜன்னல். அங்கே இருந்த பெண் கடிதத்தை வாங்கிப் படித்து, நிமிர்ந்து, மிகவும் அன்பாகக் கேட்டாள்: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் விண்ணப்பதாரர் எங்கே? அவன் கையை உயர்த்தப் பார்த்தான். உயரவில்லை. பனி சிமென்டாகியிருந்தது. டேகேரில் மகள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். ஆறு மணி. எல்லாப் பிள்ளைகளும் போயாயிற்று.

"ரோலிங்!" என்றார் சேனாபதி.

முடியாது என்று சொல்வதற்கான சொல்லைச் செழியன் தேடினான். அந்த மனிதரிடம் சொல்லும்படியாக அவனிடம் ஒன்றும் இல்லை. ஆறு வருடத்தில் செய்துவைத்திருக்கவில்லை. அதனால் அவன் ஸ்கீயை ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு இழுத்தான். கட்டுகளைக் கழற்றினான். பனியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனை எந்த டைரக்டரும் எங்கேயும் அனுப்ப முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்னப்பா?"

"வரலை சார்."

"என்ன வரலை?"

"நான் வரலை சார்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சேனாபதி அதைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே, "செழியன், நான் சொல்றேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. மீட்டிங்கில் அந்தக் குரல் வந்தால் மறுநாள் ஒரு மேசை காலியாகும்.

"தெரியும் சார்" என்றான் செழியன். எழுந்திருக்கவில்லை.

தவமலர் அவன் பக்கத்தில் வந்து தானும் உட்கார்ந்து, பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"அப்ப நான் போறேன்" என்றார் சேனாபதி. "லீட் பண்றவன்தான் முன்னால போகோணும்."

"அண்ணை, வேண்டாம்" என்றார் தவமலர்.

"ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் விளிம்புக்குப் போய் நின்றார். நல்ல கம்பீரமான முதுகு. முப்பத்தாறு டிகிரி அவருக்குக் கீழே காத்திருந்தது. காற்று பனித்தூளை எடுத்து அவர் கணுக்கால்களைச் சுற்றி ஒரு மெல்லிய வேட்டிபோல் கட்டியது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு காகம், அந்த உயரத்தில் அதற்கு என்ன வேலையோ, சரிவின் குறுக்கே நிழலை இழுத்துக்கொண்டு போயிற்று. நிழல் போன பாதையில் எதுவும் இடியவில்லை. சேனாபதி குனிந்து வலது பூட்ஸின் கொக்கியைச் சரிசெய்தார். பிறகு இடது. பிறகு மறுபடி வலது. இரண்டு கொக்கிகளில் இத்தனை வேலை இருக்கும் என்று அவற்றைத் தயாரித்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். ஆரஞ்சு தீர்ந்துவிட்டது.

கடைசியில் அவர் நிமிர்ந்து, கேமராவைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"பாட்டரி போச்சு" என்றார்.

மூவரும் வந்த வழியே இறங்கினார்கள்.

பார்க்கிங்கில் வசந்தாமணி கண்ணாடியை இறக்கினார். "எறங்கியாச்சுங்களா?"

"கண்டிஷன் சரியில்ல வசந்தா. வீக் லேயர். டீம வேண்டாம்னு திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"முன்னாடியே எங்கிட்டக் கேட்டிருந்தா வூட்டுலயே சொல்லியிருப்பேன்" என்று அவர் தட்டை நீட்டினார். புளிசாதம் ஆறித்தான் போயிருந்தது. செழியன் முழுவதையும் தின்றான். மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றான். மலையைத் தாண்டி லிவர்மோர் வரும்வரை காரில் யாரும் பனியைப் பற்றிப் பேசவில்லை. சேனாபதி வைப்பரைத் தேவைக்கு மேல் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

திங்கட்கிழமை கடிதம் மேசைமேலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை அதன்மேல் வேறு காகிதங்கள் ஏறின. அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. சேனாபதி தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் சுவரில் இருக்கும் தீயணைப்புக் கருவியை ஆழ்ந்து கவனித்தபடி போனார். மீட்டிங்குக்குச் செழியனைக் கூப்பிடவில்லை.

"நீங்க உக்காந்திருக்க வேண்டாம்" என்றாள் சண்முகப்ரியா ஓர் இரவு. விளக்கை அணைத்துவிட்டு, "போயிருக்கவும் வேண்டாம்" என்றாள்.

செழியனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்தச் சரிவு இடிய வேண்டும். யாரும் இல்லாத நேரத்தில், பகல் வெளிச்சத்தில், செய்தியில் வரும்படி இடிந்தால் போதும். சேனாபதி அவனைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுவார்; பேனாவை எடுப்பார். வனத்துறையின் பனிச்சரிவு நிலவரத்தை போனில் ஒலிப்பதிவாகக் கேட்கலாம். தினமும் காலையில் ஆபீஸில் தன் மேசைத் தடுப்புக்குள் குனிந்துகொண்டு அந்த எண்ணை அழைத்தான். தூக்கம் கலையாத ஒரு பெண் குரல், எந்தெந்த மலையில் எது சரிந்தது என்று மெல்லச் சொல்லும். வடக்கே ஒன்று. வேறு ஏதோ ஓர் ஏரிக்கு மேலே ஒன்று. அவனுடையது வரவில்லை. தூக்கத்தில் மட்டும் அது தினமும் சரிந்தது. முதலில் ஒரு முடிக்கோடு. பிறகு முழுச் சரிவும் மெதுவாக, ஒரு விரிப்பை உருவுவதுபோல, சத்தமே இல்லாமல் ஏரியை நோக்கிப் போகும். அவ்வளவு அழகாக இருக்கும். விழித்தெழுந்து போன் செய்வான்.

பதினாறாம் நாள், சேனாபதியின் செக்ரட்டரி பொறுமையிழந்து மொத்த அடுக்கையும் அவர்முன் வைத்து நின்றாள். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிரின்டர் மை, தீயணைப்பு ஒத்திகை, செழியன், புது நாற்காலிகள். எதையும் படிக்கவில்லை. கடிதம் அன்றைக்கே வக்கீலுக்குப் போனது.

அதற்குப் பிறகும் செழியன் போன் செய்வதை நிறுத்தவில்லை. பருவம் முடிந்தது, நன்றி என்று அந்தக் குரல் சொல்லும்வரை செய்தான்.

சரிவு சரியவே இல்லை. மே மாதம் உருகிப் போயிற்று.